காற்று புகும் கூடாரம்

கூடாரம் விற்பவர்களின் விளம்பரப் படங்கள் எல்லாம் ஒரே ஜாதி. பைன் மரங்கள், பின்னால் பனி போர்த்திய மலை, முன்னால் கம்பளி ஸ்வெட்டர் போட்ட ஒரு குடும்பம், கையில் ஆவி பறக்கும் கோப்பை. இந்தப் படத்தைப் பார்த்து வாங்கிய கூடாரத்தைச் சென்னைக் குடும்பம் ஒன்று ஏப்ரல் விடுமுறையில் அந்தமானுக்குத் தூக்கிக்கொண்டு போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஹேவ்லாக் தீவில் (2018 டிசம்பரிலிருந்து அரசாங்கக் காகிதங்களில் சுவராஜ் தீவு) அந்த மாதத்தில் காலை ஐந்தே கால் மணிக்குள் சூரியன் எழுந்துவிடும். இந்திய நேரத்தைத் தீர்மானிக்கும் ரேகை மிர்ஸாபூர் பக்கம் ஓடுகிறது. தீவு இருப்பதோ அதற்குப் பத்து டிகிரி கிழக்கே. கடிகாரம் மிர்ஸாபூருக்குக் கட்டுப்பட்டாலும் சூரியன் கட்டுப்படுவதில்லை. ஆறரை மணிக்குக் கூடாரத்துக்குள் குழந்தைகள் வேர்வையில் நனைந்து புரளும். ஏழு மணிக்கு மேல் உள்ளே இருப்பது, மூடிய இட்லிப் பானைக்குள் இருப்பதற்குச் சமம்.

குளிர் நாட்டில் கூடாரத்தின் வேலை உடம்புச் சூட்டை வெளியே விடாமல் காப்பது. அந்தமானில் அதே வேலை தண்டனை. போர்ட் பிளேரில் (2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம்) வருடம் முழுவதும் வெப்பநிலை ஏறக்குறைய 23 டிகிரிக்கும் 32 டிகிரிக்கும் இடையில்தான் ஆடுகிறது. ஸ்வெட்டருக்கு வேலையே இல்லை. காற்றின் ஈரப்பதமோ எண்பது சதவிகிதத்தைச் சுற்றி. நாலு பேர் இரவு முழுவதும் விடும் மூச்சிலும் வேர்வையிலும் சுமார் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிறது. அது போவதற்கு வழி வேண்டும். வழி இல்லாவிட்டால் மேல்துணியின் உள்பக்கத்தில் முத்து முத்தாகக் கோத்து, விடியற்காலையில் முகத்தில் சொட்டும். "கூடாரம் ஒழுகுகிறது" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்களில் பலர் சண்டை போடுவது தங்கள் சொந்த மூச்சுக் காற்றோடுதான்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது ஒன்றே. மேல்துணியை எடுத்துவிட்டால் மிச்சம் நிற்பது என்ன? உள்கூடாரத்தின் சுவரும் கூரையும் பெரும்பாலும் வலையாக இருந்தால் அந்தமானுக்குக் கொண்டு போகலாம். துணிச் சுவரில் கைக்குட்டை அளவுக்கு ஜன்னல் வைத்திருந்தால் அது ஊட்டிக்கு, கொடைக்கானலுக்கு, அதுவும் மார்கழியில். ஒரே அடுக்குத் துணியில் செய்த மலிவுக் கூடாரத்தைத் தொடவே வேண்டாம். இரண்டு அடுக்கு, நடுவில் ஒரு சாண் இடைவெளி, எதிரெதிரே இரண்டு வாசல். சமீப வருடங்களில் வெளிச்சமே புகாத கறுப்புப் பூச்சுக் கூடாரங்களும் கடைகளுக்கு வந்திருக்கின்றன. குழந்தைகள் காலையில் கூடுதலாக ஒரு மணி நேரம் தூங்கும் என்கிறது விளம்பரம். வெளிச்சத்தைத் தடுக்கும் துணி காற்றைக் கொண்டுவந்துவிடாது. நிழல் வேண்டுமென்றால் அதற்குச் செலவு குறைந்த வழி, கூடாரத்துக்கு மேலே இரண்டடி உயரத்தில் ஒரு தார்ப்பாயை நான்கு மரங்களுக்கு இடையே இழுத்துக் கட்டுவது. கல்யாணப் பந்தல் போடுகிறவர்களுக்குத் தெரிந்த சூத்திரம்தான்: கூரை உயரத்தில், பக்கங்கள் திறந்து.

இது ஏதோ உல்லாசப் பயணிகளின் சில்லறைப் பிரச்சினை என்று நினைத்தால், 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு இந்தத் தீவுகளில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சுனாமியில் அந்தமான் நிக்கோபாரில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர். மிகப் பெரும்பாலானவர்கள் நிக்கோபார் தீவுகளைச் சேர்ந்தவர்கள். கார் நிக்கோபார், கச்சால், கிரேட் நிக்கோபார் கரையோர கிராமங்கள் இருந்த இடம் தெரியாமல் போயின. கச்சாலில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களும் இருந்தார்கள். 1964-ன் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி வந்து, அங்கே ரப்பர் தோட்ட வேலைக்குக் குடியமர்த்தப்பட்டவர்கள். கிரேட் நிக்கோபாரில் 1969 முதல் குடியேறிய முன்னாள் ராணுவத்தினரின் குடும்பங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. உயிர் தப்பிய எல்லோரும் மேட்டுக் காட்டுக்கு ஓடினார்கள். தார்ப்பாயும் கூடாரமும் பிறகு வந்து சேர்ந்தன.

கூடாரத்தில் ஒரு மழைக்காலத்தைக் கழிக்க முடியாது என்பதால், 2005 பருவமழைக்கு முன் அவசர அவசரமாக இடைக்காலக் குடியிருப்புகள் எழுந்தன. சுமார் பத்தாயிரம் வீடுகள், துத்தநாகம் பூசிய இரும்புத் தகரத்தில். கப்பலில் அடுக்கி ஏற்ற முடியும், வேகமாக எழுப்ப முடியும், மழைக்கு நனையாது. அதிகாரிகளின் கணக்கில் தப்பே இல்லை. ஆனால் பகலில் உள்ளே உட்கார முடியவில்லை. தகரம் கொதித்தது. மழை பெய்தால் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. மக்கள் பகல் பொழுதை வெளியே, கிடைத்த ஓலையில் தாங்களே போட்டுக்கொண்ட சார்ப்பின் கீழ் கழித்தார்கள். இடைக்காலம் என்று பெயர் வைத்ததும் சில மாதங்களில் முடியவில்லை. சுமார் 9,800 நிரந்தர வீடுகளைக் கட்டி ஒப்படைத்து முடிக்க வருடங்கள் ஆயின. அதற்கான சாமான்களிலும் பெரும்பகுதி பெருநிலத்திலிருந்து கப்பலில்தான் வந்தது.

விசித்திரம் என்னவென்றால், வெப்பத்துக்கும் மழைக்கும் எப்படி வீடு கட்டுவது என்பதை நிக்கோபாரிகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. கார் நிக்கோபாரின் பழைய வீடு, தேன்கூட்டைக் கவிழ்த்த மாதிரி உருண்டையான புல் கூரை. ஆள் உயரத்துக்கும் மேலான கால்கள். ஏணி வழியாகத் தரையில் உள்ள திறப்பில் நுழைய வேண்டும். தரை என்பது இடைவெளி விட்டுக் கட்டிய மூங்கில், பிரம்புப் பட்டைகள். கீழிருந்து காற்று ஏறும். தடித்த புல் வெயிலையும் மழையையும் நிறுத்தும். தண்ணீர் அடியில் ஓடிப் போகும். பூரான், நண்டு, பாம்பு எல்லாம் கீழேயே நிற்கும். பகலில் வீட்டுக்கு அடியில் இருக்கும் நிழலில் அத்தனை பேரும் உட்கார்ந்து பேசலாம், வேலை செய்யலாம், தூங்கலாம். துஹேத் என்று அவர்கள் சொல்லும் கூட்டுக் குடும்பத்துக்கு ஏற்ற வீடு அது. லிட்டில் அந்தமானின் ஓங்கிகளும் வட்டக் கூரையின் கீழே, தரையிலிருந்து தூக்கிக் கட்டிய பரண்களில்தான் படுத்தார்கள். கூடாரம் வாங்கப் போகிறவர் கடையில் உள்ள பட்டியலைப் புரட்டுவதற்கு முன் இந்த வீட்டின் படம் ஒன்றைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. காற்று, நிழல், தரைக்கு மேலே கொஞ்சம் உயரம். இந்த மூன்றில் எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவு தூக்கம்.

உயரம் கூடாரத்தில் கிடைக்காது. ஆனால் மடக்குக் கட்டிலோ, ராணுவ முகாம்களில் போடும் கான்வாஸ் கட்டிலோ வைக்கும் அளவுக்கு இடம் இருந்தால் அடியில் காற்று போகும். வயதான மாமியாரோ அப்பாவோ கூட வந்தால் இது வசதிக்காக மட்டும் அல்ல. தரையிலிருந்து எழுந்திருக்க முடியாதவரை ஒரு கூடாரத்துக்குள் நடுராத்திரியில் தூக்கி நிறுத்துவது லேசான வேலை இல்லை.

இட விஷயத்தில் கூடாரக் கம்பெனிகளின் கணக்கு நம் ஊர் ஷேர் ஆட்டோ கணக்கு. நாலு பேருக்கு என்று எழுதியிருந்தால், நாலு பேர் தோளோடு தோள் உரசி, ஒருவரும் புரளாமல், பெட்டி படுக்கை எதுவும் இல்லாமல் படுக்கலாம் என்று அர்த்தம். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் என்றால் ஆறு பேர் கூடாரம். குறைந்தது ஒருவராவது நிமிர்ந்து நின்று சட்டை மாற்றும் உயரம், அதாவது ஆறடி. பெண் குழந்தை பெரியவளாக இருந்தால் நடுவில் திரை போட்டு இரண்டு அறையாக்கும் மாதிரி நல்லது. இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு அல்ல. முல்லைப்பாட்டில் பாசறையில் இருக்கும் அரசனின் படுக்கை இடம் திரை கட்டிப் பிரித்த இரண்டு அறை கொண்டதுதான். அங்கேயும் கார்காலம். ஆனால் அரசனுக்குக் காவலுக்கு யவனர்கள் இருந்தார்கள், விமானத்தில் 15 கிலோ கட்டுப்பாடு இல்லை.

உள்நாட்டு விமானங்களில் சாதாரண டிக்கெட்டுக்குப் பெரும்பாலும் தலைக்கு 15 கிலோதான். ஆறு பேர் கூடாரம் ஒன்று அதில் ஒருவர் பங்கை ஏறக்குறைய விழுங்கிவிடும். ராணுவமும் அரசு முகாம்களும் இன்றும் பயன்படுத்தும் பருத்திக் கான்வாஸ் கூடாரங்கள் காற்றோட்டத்தில் பாலியஸ்டரைவிட மேல். கான்வாஸ் மூச்சு விடும், வெயிலில் சீக்கிரம் மட்காது. ஆனால் அதைத் தூக்க லாரி வேண்டும், ஒருமுறை நனைந்தால் இரண்டு லாரி. குடும்பத்துக்குப் பாலியஸ்டர்தான் வழி. நைலான் எடை குறைவு. ஆனால் நனைந்தால் தொய்யும், வெயிலுக்கும் பாலியஸ்டர் அளவுக்குத் தாக்குப்பிடிக்காது. கப்பலில் போகிறவர்களுக்கு எடைக் கவலை குறைவு. சென்னைத் துறைமுகத்திலிருந்து சுமார் மூன்று நாள் பயணம். பள்ளிக்கூட விடுமுறையில் ஆறு நாளைக் கடலிலேயே கழிக்க எத்தனை வீட்டில் சம்மதிப்பார்கள் என்பது வேறு விஷயம். சமையல் கேஸ் டப்பாவை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். காட்டோரத்தில் தீ மூட்டவும் கூடாது. அடுப்புக் கனவை வீட்டிலேயே விட்டுவிட்டு, பக்கத்துக் கடையில் மீனும் சோறும் சாப்பிடுவது உத்தமம்.

மழை பற்றித் தமிழர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. "அந்தமான் கடல் பகுதியில் காற்றழுத்தத் தாழ்வு நிலை" என்ற வாக்கியத்தை ரேடியோவில் கேட்டே இரண்டு தலைமுறை வளர்ந்திருக்கிறது. நமக்கு வரும் புயல்களில் பல புறப்படுவது அந்தப் பக்கம்தான். தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுவதற்குச் சுமார் பத்து நாள் முன்பே, மே மாதம் மூன்றாம் வாரத்தையொட்டி, அந்தமானைத் தொட்டுவிடுகிறது. அது ஓய்ந்ததும் வடகிழக்குக் காற்று. வருடத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர், சென்னையைப் போல் இரண்டு மடங்கு. கூடாரத்துக்கு ஏற்ற மாதங்கள் ஜனவரி முதல் ஏப்ரல் வரை மட்டுமே. அப்போதும் திடீர் மழை உண்டு. கூடாரத் துணியின் மேல் 2,000, 3,000 என்று மில்லிமீட்டரில் ஒரு எண் போட்டிருக்கும். துணியின் மேல் அத்தனை உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினாலும் கசியாது என்பது அதன் பொருள். மேல்துணிக்கு 2,000 போதும். அடித்துணிக்கு அதைவிட அதிகம் வேண்டும், ஏனென்றால் முழங்கால் ஊன்றும் இடத்தில் அழுத்தம் மழையைவிடக் கடுமை. எண்ணைவிட முக்கியம் தையல். தையல் வரிகளின் மேல் உள்பக்கம் நாடா ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து வாங்க வேண்டும்.

2016 டிசம்பர் முதல் வாரத்துக்குப் பிறகு நடந்தது பலருக்கு நினைவிருக்கும். பின்னால் வர்தா என்று பெயர் பெற்றுச் சென்னையைப் புரட்டிப் போட்ட அதே புயல், தாழ்வு மண்டலமாக இருந்தபோதே ஹேவ்லாக்கையும் நீலையும் முடக்கியது. படகுகள் நின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் நாள் கணக்கில் சிக்கிக்கொண்டு, கடற்படைக் கப்பல்களும் ஹெலிகாப்டர்களும் வந்து மீட்க வேண்டியிருந்தது. சிமெண்டுச் சுவருக்குள் இருந்தவர்களுக்கே இந்தப் பாடு. டிசம்பர் விடுமுறைக்குக் கூடாரத்தை நம்பிக் குழந்தைகளோடு கிளம்புவது தைரியம் அல்ல, அசட்டுத்தனம்.

இனி சின்ன எதிரிகள். கடற்கரை மணல் ஈ கொசுவைவிடச் சிறியது, சாதாரணக் கொசுவலையின் கண் வழியாகப் புகுந்துவிடும். காலையிலும் அந்தியிலும் கணுக்காலைத் தேடி வரும், கடித்த இடம் நாள் கணக்கில் அரிக்கும். குழந்தைகள் சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளும். வாங்கும்போது வலையின் கண் எவ்வளவு நுண்ணியது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். அந்தமான் பூரான்களின் நீளத்தைப் பற்றித் தீவுக்காரர்கள் சொல்லும் கதைகளில் மிகை குறைவு. அடித்துணியும் சுவரும் ஒரே துண்டாகத் தைத்திருக்க வேண்டும், ஜிப் முழுதாக மூட வேண்டும். செருப்பை உதறாமல் போடக் கூடாது.

மணல் இன்னொரு தலைவலி. கூடாரத்தோடு தரும் மெல்லிய கம்பி முளைகள் களிமண்ணுக்கு ஆனவை. கடற்கரை மணலில் ஒரு காற்றுக்குப் பிடுங்கிக்கொள்ளும். தேங்காய் மட்டை ஒன்றின் நடுவில் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்தில் குறுக்காகப் புதைத்து மேலே மணலை மிதித்துவிட்டால் அசையாது. இந்தத் தொழில்நுட்பத்துக்குத் தீவில் பஞ்சமே இல்லை. ஆனால் மட்டை கொடுக்கும் அதே மரத்தின் கீழ் கூடாரம் அடிக்கக் கூடாது. தேங்காய் ஆள் பார்த்து விழாது.

எங்கே அடிப்பது? 1990-களில் வெளிநாட்டு இளைஞர்கள் தோளில் பையோடு வந்து, மரத்துக்கு மரம் தொட்டில் கட்டி வாரக் கணக்கில் கடற்கரையில் கிடந்தார்கள். ராதாநகர் கடற்கரை அருகே அப்போது ஒரு கூடார முகாமும் இருந்தது. 2004-ல் டைம் பத்திரிகை அந்தக் கடற்கரையை ஆசியாவிலேயே சிறந்தது என்று எழுதிய பிறகு ஹேவ்லாக்கின் முகம் மாறியது. அந்தமான் நிக்கோபார் நிலப்பரப்பில் முக்கால் பங்குக்கு மேல் காடு. வனத் துறையின் அனுமதி இல்லாமல் அங்கே தங்குவது குற்றம். பழங்குடிகளின் ஒதுக்கீட்டுப் பகுதிக்குள் கால் வைப்பதை 1956-ம் வருட ஒழுங்குமுறைச் சட்டம் தடுக்கிறது. நிக்கோபாருக்குப் போக மற்ற இந்தியர்களுக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். ஜாலி பாய் போன்ற கடல் பூங்காத் தீவுகளில் பகலில் பார்த்துவிட்டு அன்றே திரும்பிவிட வேண்டும். எனவே குடும்பத்துக்கு உகந்தது, தென்னந்தோப்புக்குள் இருக்கும் ஏதாவது ஒரு சின்ன விடுதியில் கேட்டு, அவர்கள் இடத்தில் கூடாரம் அடித்துக்கொள்வதுதான். கழிப்பறையும் நல்ல தண்ணீரும் இருக்கும். மழை வலுத்தால் ஓடிப் போய் ஒதுங்க ஒரு திண்ணையும் இருக்கும்.

கடலோரமாகவே இடம் கிடைத்தாலும் மணலில் காய்ந்த இலையும் பவளத் துண்டும் வரிசையாகக் கிடக்கும் கோட்டைப் பார்க்க வேண்டும். கடைசியாக ஏறிய அலை விட்டுப்போன கையெழுத்து அது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஓதத்துக்கும் வற்றத்துக்கும் இடையே இரண்டு மீட்டர் வரை வித்தியாசம் வரும். மாலையில் நூறு அடி தள்ளி இருந்த கடல் நடு இரவில் வாசலுக்கு வந்து நிற்கலாம். அலையாத்திக் காடும் ஓடைகளும் கடலில் கலக்கும் இடங்கள் பார்க்க அழகு. உப்புநீர் முதலைக்கும் அவைதான் பிடித்த இடம். 2010-ல் ஹேவ்லாக்கில், ராதாநகர் பக்கமாகக் கடலில் நீந்திக்கொண்டிருந்த வெளிநாட்டுப் பெண் ஒருவர் முதலைக்குப் பலியானார். எச்சரிக்கைப் பலகை இருக்கும் கரையில் குழந்தைகளைக் காலை நனைக்கவும் விடக் கூடாது.

இருட்டும் அங்கே சீக்கிரம். ஜனவரியில் ஐந்தரை மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். கடைசிப் படகில் வந்து இறங்கி, டார்ச் வெளிச்சத்தில் எந்தக் கம்பி எந்தத் துளைக்கு என்று தேடும் குடும்பத்தில் அன்று இரவு யாரும் யாருடனும் பேசமாட்டார்கள். புறப்படுவதற்கு முன் ஒருமுறை மொட்டை மாடியில் விரித்துப் பார்த்துவிட வேண்டும். பிள்ளைகளிடம் விட்டால் பெரியவர்களைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்ளும்.

திரும்பி வந்ததும் அதே மொட்டை மாடி. உப்புக் காற்று ஜிப்பின் பற்களையும் அலுமினியக் கம்பிகளின் இணைப்புகளையும் அரிக்கும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் துணியின் உள்பூச்சு சில வருடங்களில் பிசுபிசுத்து உரியும், அதற்குப் பிறகு மழையைத் தாங்காது. போர்ட் பிளேரில் கோடையில் குடிதண்ணீரே அளந்து விடுகிறார்கள், அங்கே கூடாரத்தை அலச இரண்டு பக்கெட் தண்ணீர் கேட்பது நியாயம் இல்லை. ஊருக்கு வந்து, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் இரண்டு நாள் கொடியில் போட வேண்டும். பையின் அடியில் கொஞ்சம் வெள்ளை மணல் கிடக்கும். சங்கோ பவளமோ கிடந்தால் அது வேறு வழக்கு. பவளம் வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது, விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்ப்பார்கள்.